சட்டமும் வேண்டாம், படமும் வேண்டாம்: நீலகிரிப் பயணத்தில் கைத்தையல்

கேள்வி: மதுரையிலிருந்து பத்து நாள் பயணமாகக் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வருகிறேன். பள்ளியில் கற்ற கைத்தையலைத் தவிர வேறு பயிற்சி இல்லை. பார்த்ததைக் கேமராவில் பிடிப்பதற்குப் பதிலாக, போகிற வழியிலேயே துணியில் தைத்துவர ஆசை. என்னென்ன எடுத்துவர வேண்டும்? எங்கே உட்கார்ந்து தைக்கலாம்? அங்கே வாழும் தோடர் பழங்குடியினரின் பூவேலையைக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முதலில் இரண்டு பொருள்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒன்று எம்பிராய்டரி வளையம், அதாவது துணியை விறைப்பாக மாட்டித் தைக்கும் சட்டம். மற்றொன்று, தையலுக்கென்று நீங்கள் இந்நேரம் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கக்கூடிய மலைப்படம். குன்னூரில் பல ஆண்டுகள் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். பயணத்தில் தைக்கப் புறப்பட்டவர்கள் பாதியில் கைவிட்டதற்கு இந்த இரண்டையும் தவிர வேறு பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை. வளையம் பையில் இடத்தை அடைக்கிறது. பஸ்ஸில் முழங்கையால் பக்கத்து இருக்கைக்காரரை இடிக்கிறது. வரைந்து வந்த படமோ அதைவிடக் கெடுதல். ஊட்டி ஏரியும் தேயிலைச் சரிவும் இப்படித்தான் இருக்கும் என்று மதுரையிலேயே முடிவு செய்துவிட்டால், இங்கே வந்து கண்ணைத் திறப்பதற்கு என்ன தேவை இருக்கிறது?

வளையம் இல்லாமல் துணி சுருங்காதா என்று கேட்பீர்கள். சுருங்கும், தையலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால். ஊசியை மேலிருந்து குத்தி, கையைக் கீழே கொண்டுபோய் வாங்கி, திரும்பக் கீழிருந்து மேலே குத்தித் தைக்கும் முறைக்குத்தான் விறைப்பான துணி வேண்டும். நீண்ட நூல்களை நெருக்கமாக அடுக்கி இடத்தை நிரப்பும் சாட்டின் தையல் அந்த வகை. அதைப் பயணத்தில் தொடாதீர்கள். ஊசியை ஒரே போக்கில் துணிக்குள் விட்டு எடுக்கும் தையல்கள் வேறு: ஓட்டுத் தையல், பின் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல். இவற்றுக்கு இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே சட்டம். துணியை அந்த இரண்டு விரல்களுக்கு இடையில் லேசாக இழுத்துப் பிடித்தால் போதும். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை துணியை மடிமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிடுங்கள். இழுபட்ட நூல் தானாகத் தளர்ந்து கொடுக்கும்.

துணிக்குப் பழைய வேட்டி, இரண்டு மடிப்பாக. புதுத்துணி வேண்டாம். புதிய துணியில் கஞ்சி இருக்கும், ஊசி முரண்டு பிடிக்கும், முதல் சலவையில் துணி சுருங்கித் தையல் கொப்பளிக்கும். பல வருடம் கட்டித் துவைத்த நான்கு முழ வேட்டி ஒன்று உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். அதில் கிழிசல் இல்லாத பகுதியை ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலமாகச் சதுரங்களாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஓரத்தைப் பெருந்தையலில் பிடித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்று என்று பத்துச் சதுரங்கள். இரண்டு மடிப்பு இருக்கும்போது துணிக்கே ஓர் உடம்பு வந்துவிடுகிறது. வளையம் தேவைப்படாததற்கு அதுவும் காரணம். வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலிலேயே காந்தா என்ற போர்வைகளைச் செய்வது இந்தக் கணக்கில்தான். நம்முடைய 'கந்தை'யும் அந்தக் 'காந்தா'வும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். நாம் கசக்கிக் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் அதன்மேல் ஓட்டுத் தையலை ஓடவிட்டார்கள்.

நூலில் எல்லோரும் செய்கிற தவறு, கடைக்குப் போய் ஐம்பது நிறம் வாங்கிவருவது. ஒரு கணக்குச் சொல்கிறேன். கடையில் விற்கும் ஆறிழை எம்பிராய்டரி நூல்கண்டு ஒன்று 8 மீட்டர். ஆறிழையில் இரண்டிரண்டாகப் பிரித்துத் தைத்தால் அது 24 மீட்டர் ஆகிவிடும். ஊசியில் கோக்கும் நூல் ஒரு முழத்துக்குமேல் போகக்கூடாது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அதற்குமேல் நீண்டால் ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உராய்ந்து நூல் பிசிறடிக்கும், சிக்கு விழும். ஒரு முழ நூல் தீர எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் தைத்தால் எட்டு முழம், அதாவது மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். பத்து நாளைக்கு 36 மீட்டர். ஒன்றரை நூல்கண்டு! ஆறு நிறம் எடுத்துவந்தாலும் முக்கால்வாசி அப்படியே திரும்பிப் போகும். மலைக்கு நான் சொல்லும் ஆறு: கறுப்பை ஒட்டிய பச்சை, தேயிலைக் கொழுந்தின் மஞ்சள் பச்சை, சாம்பல் கலந்த நீலம், செம்மண் பழுப்பு, துருச்சிவப்பு, வெள்ளை. வெள்ளை எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சிவப்பு நூலை மட்டும் சோதிக்காமல் எடுத்துவராதீர்கள். இது நான் பட்ட பாடு. மூன்று மாதம் தைத்த ஒரு மேசை விரிப்பைக் கோத்தகிரிக்கு எடுத்துப் போனேன். வழியில் மழை. பையின் ஓரம் நனைந்து, விரிப்பின் ஒரு மூலை முழுக்கச் சிவப்பு ஊறிவிட்டது. அந்த நூலை வாங்கிய கடையில் சாயம் போகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த நூலானாலும் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பார்க்காமல் ஊசியில் கோப்பதில்லை. கருநீலமும் கறுப்பும் இதே சோதனைக்கு உரியவை. நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டும் இல்லாத நாளில் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் ஈரமாக்கிவிட்டுப் போகும்.

ஈரம் என்றதும் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊசியை இரவில் துணியிலேயே குத்திவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் துணியில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்திருக்கும். கம்பளித் துண்டு ஒன்றில் ஊசிகளைக் குத்தி, இறுக்கமாக மூடும் சிறிய தகர டப்பாவில் வையுங்கள். துரு பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும். ஊசி எண்ணில் ஒரு குழப்பம் உண்டு: எண் கூடக்கூட ஊசி மெலியும். இரண்டு இழை நூலுக்கு எம்பிராய்டரி ஊசியில் 7 அல்லது 8 சரியாக இருக்கும். இழை எண்ணித் தைப்பதற்கு முனை மழுங்கிய ஊசி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூர்முனை இழையைப் பிளந்துவிடும், மழுங்கல் முனை இழைக்கும் இழைக்கும் நடுவே புகுந்து போகும்.

ஊசி இந்த மலைக்கு அந்நியப் பொருள் இல்லை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்திப் பள்ளத்தாக்கில்தான் நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலை இருக்கிறது. 1949இல் தொடங்கிய நிறுவனம். போனி என்ற பெயரில் விற்கும் தையல் ஊசியும் பின்னல் ஊசியும் அங்கே செய்யப்படுபவை. உங்கள் அம்மாவின் தையல் பெட்டியைத் திறந்து பாருங்கள், அந்தப் பெயர் போட்ட உறை ஒன்று அகப்படலாம். ஊட்டி ரயிலில் கேத்தி நிலையம் வரும்போது மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தால், அந்த ஊசி பிறந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது என்ற நினைப்பு வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

எங்கே தைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பஸ்ஸில் தைக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் சாலையிலும் சரி, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையிலும் சரி, குனிந்து அருகில் இருக்கும் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்தே நிமிடத்தில் குமட்டல் தொடங்கிவிடும். திடீர் பிரேக்கில் ஊசி எங்கே போகும் என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் வேறு வேலை இருக்கிறது. சன்னல் வழியாக நிறங்களைப் பாருங்கள். சரிவின் அடியில் எந்தப் பச்சை, மேலே ஏற ஏற எந்தப் பச்சை, மரத்தின் நிழல் கறுப்பா நீலமா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வாருங்கள். நூல்கண்டுகளை மடியில் வைத்து ஒப்பிட்டும் பார்க்கலாம்.

ரயிலின் கதை வேறு. மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் கிளம்பும் மலை ரயில், 46 கிலோமீட்டரைக் கடந்து நண்பகலில்தான் ஊட்டி போய்ச் சேரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அந்தப் பகுதியில் பல்லைப் பல் கவ்வும் அதிர்வு இருக்கையில் தெரியும். அந்த அதிர்வில் நுண்வேலை ஓடாது, ஓட்டுத் தையல் ஓடும். கோடு கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். என்னிடம் அப்படித் தைத்த துண்டு ஒன்று இருக்கிறது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது தைத்த வரி நேராகவும், அதற்கு முன்னும் பின்னும் ஓடுகையில் தைத்த வரிகள் அலைந்தும் இருக்கும். எது எங்கே தைத்தது என்று கையால் தடவியே என்னால் சொல்ல முடியும். ரயில் நிற்கும்போது குரங்குகளைக் கவனியுங்கள். அவை நூல்கண்டைத் தின்னும் பொருள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஓடிவிடும். பாதையில் 16 சுரங்கங்கள். இருட்டு வரும்போது ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

மற்றபடி நல்ல இடம் என்றால் தங்கும் விடுதியின் வராந்தா, தேநீர்க் கடையின் வெளிப்பெஞ்சு, ஊட்டித் தாவரவியல் பூங்காவின் புல்வெளி ஓரம். பள்ளத்தாக்கு ஊர்களில் பிற்பகல் நான்கு மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். விடுதி அறையின் மஞ்சள் விளக்கில் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் நிறத்தைப் பகலில் தேர்ந்தெடுத்து, ஏழெட்டு ஊசிகளில் நூலைக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தைக்க மட்டும் செய்யலாம். குளிரில் விரல் மரத்துப்போனால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சூடான தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்த விரலால் தைத்தால் நூலின் இறுக்கம் பிடிபடாது.

விமானத்தில் கோயம்புத்தூர் வருபவர்கள் கத்தரிக்கோலைப் பதிவுசெய்யும் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. உங்களுக்கு ரயிலும் பஸ்ஸும் என்பதால் அந்தக் கவலை இல்லை. நறுக்கிய நூல் துணுக்குகளைக் காற்றில் விடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். ஒரு துணிப்பையில் சேர்த்துவையுங்கள், பிறகு ஊசி குத்தும் மெத்தைக்குள் அடைக்கப் பயன்படும். பிளாஸ்டிக் பை இந்த மாவட்டத்தில் தடை செய்யப்பட்டது. எல்லாம் துணிப்பையிலேயே இருக்கட்டும்.

இனி எதைத் தைப்பது. பலர் மலையைத் தைக்க உட்கார்ந்து, துணி முழுவதையும் பச்சை நூலால் நிரப்பத் தொடங்குகிறார்கள். ஒரு சாண் சதுரத்தை நூலால் நிரப்பி முடிக்க ஒரு வாரம் ஆகும். நம் கோயில் தேர்களில் உருளையாகத் தொங்கும் துணி அலங்காரங்களான தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரிய உருவங்களை யாரும் நூலால் நிரப்புவதில்லை, நிறத்துணியை வெட்டி ஒட்டுவேலையாகத் தைத்துவிடுகிறார்கள். மலைக்கும் அதுதான் வழி. பழைய புடவையிலிருந்து கரும்பச்சையில் ஒரு துண்டு, நீலத்தில் ஒரு துண்டு, சாம்பலில் ஒரு துண்டு எடுத்து, முகட்டின் கோட்டை நேரே பார்த்துக்கொண்டே கத்தரியால் வெட்டுங்கள். ஓரத்தை மடித்து ஹெம்மிங் போடுங்கள். தொலைவில் இருக்கும் மலை முதலில், அருகில் இருப்பது கடைசியில். தூரம் போகப் போகப் பச்சை செத்து நீலமாகும் என்பதை நீலகிரியில் எந்த மேட்டில் நின்றும் பார்க்கலாம். அந்த வரிசையை மாற்றாமல் வைத்தால் தையல் எவ்வளவு எளியதாக இருந்தாலும் மலை மலையாக நிற்கும்.

தேயிலைச் சரிவுக்கு ஓட்டுத் தையல் பிறந்ததுபோல இருக்கும். தேயிலைச் செடிகளை மட்டமாகக் கவாத்து செய்து, நடுவில் கொழுந்து பறிப்பவர்கள் நடக்க வழி விட்டிருப்பார்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது அந்த இடைவெளிகள்தான். ஆகவே செடியைத் தைக்காதீர்கள். சரிவின் வளைவோடு வளைந்து போகும் வரிகளாக மஞ்சள் பச்சையில் ஓட்டுத் தையல் ஓடவிட்டு, வரிக்கு வரி இடைவெளியைச் சற்று மாற்றுங்கள். மேட்டில் நெருக்கம், பள்ளத்தில் அகலம். சோலைக்காடு இதற்கு நேர்மாறு. அங்கே வரி கிடையாது. சோலை மரங்கள் தலை உருண்டு நெருங்கி நிற்கும். பல மரங்களின் இளந்தளிர் செம்பு நிறத்திலும் துருச்சிவப்பிலும் துளிர்க்கும். குட்டைத் தையல்களைத் திசை மாற்றி மாற்றி, கரும்பச்சையில் நெருக்கமாகப் போட்டு, நடுநடுவே அந்தத் துருச்சிவப்பில் நாலைந்து தையல் வையுங்கள். ஆறு நிறங்களில் துருச்சிவப்பைச் சேர்த்தது இதற்காகத்தான். கோடைக்கு முன்பான மாதங்களில் வந்தால் புல்வெளி ஓரங்களில் காட்டுப்பூவரசு மரம் இரத்தச் சிவப்பில் பூத்திருக்கும். அதற்கு முடிச்சுத் தையல் பொருந்தும். நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினால் வளையம் இல்லாமலும் முடிச்சு உருண்டு நிற்கும்.

நீங்கள் பார்க்காத பூவைத் தைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மலை என்றாலே நீலக்குறிஞ்சி என்று துணி முழுக்க ஊதாப்பூ தைத்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. கோடைக்கானல் மலைகளில் 2018இல் பூத்தது. வராத பூவைத் தைப்பதற்குப் பதில் விடுதிச் சுவரோரம் நிற்கும் சாமந்தியைத் தையுங்கள். உங்கள் துணி உங்கள் பயணத்தைச் சொல்லும்.

வெள்ளை நூலுக்கு வருகிறேன். நீலகிரியில் பத்து நாள் இருந்தால் அதில் மூன்று நான்கு நாளாவது பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது. வந்தவர்கள் அந்த நாள்கள் வீணாகிவிட்டன என்று அறைக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் மிகப் பிடித்த நாள். மெல்லிய மல் துணியில் ஒரு துண்டு கொண்டுவாருங்கள், மிகப் பழையதாகவும் இழை தெரியத் தேய்ந்ததாகவும் இருந்தால் இன்னும் நல்லது. முந்தின நாள் தைத்து முடித்த சதுரத்தின்மேல், மலையின் நடுவில், அந்த மல் துணியை ஒற்றை மடிப்பாகப் போர்த்துங்கள். கீழே இருக்கும் பச்சையும் சிவப்பும் மங்கித் தெரியும். ஓரத்தை மடிக்காமல் பிசிறாகவே விட்டு, வெள்ளை நூலில் நீண்ட ஓட்டுத் தையலாக மூன்று நான்கு வரி ஓடவிடுங்கள். துணிக்குள் மூட்டம் இறங்கிவிடும். சில இடத்தில் இரண்டு அடுக்குப் போடலாம். இரண்டாம் அடுக்கின் கீழே பச்சை முற்றிலும் மறைந்து, அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். கோடநாடு காட்சிமுனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே ஒன்றும் தெரியாமல் திரும்பியவர்களுக்கு அந்த இடம் உடனே அடையாளம் தெரியும்.

தேயிலையைச் சாயமாகவும் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஈரமான பருத்தித் துணியை அரைமணி நேரம் ஊறவிட்டு அலசினால் மண்ணின் பழுப்பு வரும். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். துருப்பிடித்த ஆணி ஒன்றை அந்தச் சாயத்தில் போட்டுவைத்தால் பழுப்பு சாம்பலாகிப் பிறகு கறுப்பாகும். பாறைக்கு அந்த நிறம் அருமையாகப் பொருந்துகிறது. தேயிலைச் சாயம் ஏற்றிய துணியில் துரு ஊசியைத் தப்பித்தவறியும் விட்டுவைக்கக்கூடாது என்பதும் இதிலிருந்தே புரியும். அந்தக் கறுப்பு எலுமிச்சைக்கும் எளிதில் மசியாது.

கடைசியாகத் தோடர் பூவேலை. நீங்கள் கேட்ட மூன்றில் நான் அதிகம் நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது இதற்குத்தான். வளையமும் படமும் வேண்டாம் என்று நான் சொல்வதற்குத் துணிவு கொடுத்தவர்களே தோடர் பெண்கள்தாம். அவர்கள் துணி நெய்வதில்லை. இழை தெரிகிற முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியை வாங்கி, சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கொண்டு தைக்கிறார்கள். துணியில் எதையும் வரைவதில்லை, சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. விரலால் இழைகளை எண்ணிக்கொண்டே, துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியை ஓட்டுகிறார்கள். எண்ணிக்கை ஒன்று தவறினால் வரி முழுதும் தவறும். தவறாமல் வரும்போது அது தைத்ததா நெய்ததா என்று கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். நூலை முழுக்க இழுக்காமல் சற்றே தளரவிடுவதால் வேலைப்பாடு மேடாக எழும்பி நிற்கும். அவர்கள் இதைப் புகூர் என்கிறார்கள், பூ என்று பொருள். இந்தப் பூவேலை செய்த போர்வைதான் பூத்துக்குளி. ஆண்களும் பெண்களும் போர்த்துகிறார்கள். இறந்தவரின் உடலையும் பூத்துக்குளியில் சுற்றித்தான் வழியனுப்புகிறார்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் பார்க்கும்படி இருக்கும்.

எருமைகளை ஓட்டிக்கொண்டு கோடைக்கு வேறு மேய்ச்சல் மந்துக்குக் குடிபெயர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். மந்து என்பது அவர்களுடைய சிற்றூர். சுமக்கவேண்டியது துணி, ஊசி, நூல் மூன்றே என்று இந்தக் கலை அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, வழிப்போக்கரின் தையலுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றும். ஊட்டி அருகே ஒரு மந்தில், வயதான ஒரு தோடர் அம்மா தைப்பதை ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேசிக்கொண்டே, பேரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எண்ணுகிறார். எண்ணுவது உதட்டில் தெரியவில்லை, பெருவிரல் நகம் இழைமேல் நகர்வதில் மட்டும் தெரிந்தது.

கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முறையைக் கற்கலாம். அவர்களுடைய உருவங்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் மெஷினில் அடித்த சிவப்புக் கறுப்புப் பட்டைகளைத் 'தோடர் சால்வை' என்று விற்கும் கடைகள் இருக்கின்றன. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், மெஷின் நூல் தெரிந்துவிடும். உங்கள் துணியில் இழை எண்ணித் தைக்கிறீர்களா, நீங்கள் எண்ணியதைத் தையுங்கள்: ரயிலின் சுரங்கங்களை, மழை நாள்களை, ஏறிய படிகளை. மூன்று இழை விட்டு ஐந்து இழை எடுப்பது, பிறகு ஐந்து விட்டு மூன்று எடுப்பது என்று தொடங்கினாலே ஒரு பட்டை உருவாகும். அதற்கு முரட்டுக் கைத்தறித் துணி ஒரு துண்டு தனியாகக் கொண்டுவாருங்கள். வேட்டியின் இழை எண்ண முடியாத அளவு நெருக்கமானது.

மந்துக்குப் போவதானால் அது மனிதர்களின் வீடு என்பதை மறக்காதீர்கள். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவர்களுடைய கோயிலை நெருங்காதீர்கள். பூவேலை வாங்கினால் சொன்ன விலையைக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் தைத்துப் பார்த்தவருக்கு அந்த விலை ஏன் என்று விளக்கத் தேவையில்லை. பழைய வேலைப்பாடுகளைப் பற்றி அறிய முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஊட்டி படகு இல்லத்துக்கு எதிரே நூல் பூங்கா என்று ஒன்று உண்டு. ஐம்பது பெண்கள் பன்னிரண்டு ஆண்டு உழைத்து, ஊசியே இல்லாமல் நூலைக் கையால் சுற்றிச் செடிகொடிகளைச் செய்திருக்கிறார்கள். அது நம் தையலுக்கு வேறு துறை. ஆனால் ஒரு பச்சைக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்று பார்க்க அரைமணி நேரம் செலவிடலாம்.

ஒவ்வொரு சதுரத்தையும் அந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். பாதி வெறுமையாக இருந்தாலும் நூலை முடிந்துவிடுங்கள். வீட்டில் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டது எதுவும் நிரம்புவதில்லை. நிரப்பினாலும் அது மதுரையின் வெளிச்சத்தில் தைத்ததாகத்தான் இருக்கும். நூலை முடிச்சுப் போட்டுத் தொடங்காமல், ஒரு விரற்கடை வால் விட்டுத் தொடங்கி, பிறகு அந்த வாலைப் பின்பக்கத் தையல்களுக்குள் நுழைத்துவிட்டால் பின்புறமும் பார்க்கும்படி இருக்கும். ஊர் திரும்பியதும் பத்தையும் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தையல் பக்கம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். பிறகு நாள் வரிசையில் ஒன்றோடு ஒன்று இணையுங்கள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டவேண்டாம், சிவப்புதான் முதலில் வெளுக்கும். ஊர்ப் பெயரையும் தேதியையும் இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கத்திலும் ஒற்றை இழையில் தைத்துவிடுங்கள். இணைத்தபின் அந்த மூலைக்குள் ஊசி போகாது.